மலைமேல் நீலப்புல் வளர்த்த அமிர்தம் அக்கா

அமிர்தம் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் அவர் வளர்த்த புல்லைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை காலை. ஜெராய் மலை உச்சியில், விடுதியின் முன்பக்கம். பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தத்தில், வாசலில் வைத்திருந்த கைப்பேசி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. வாசலில் நிற்கும் காவலர் ஓடி வந்து, கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். கூலிமில் இருக்கும் அக்காவின் மகள் தேவி நான்கு முறை கூப்பிட்டிருந்தாள்.

"சித்தி, அம்மா போயிட்டாங்க. டீ கலக்கி வச்சுட்டு நாற்காலியில உக்காந்தாங்களாம். பக்கத்து வீட்டு அக்கா வந்து பாக்குறப்ப டீ ஆறிப் போயிருந்துச்சாம்."

"வர்றேம்மா" என்று மட்டும் சொன்னேன். பாதி வரிசை வெட்டிய நிலையில் புல்லை விட்டுப் போகக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். விட்டால் மறுநாள் அந்த இடம் படி வைத்ததுபோல் தெரியும். இயந்திரத்தை மறுபடி ஓட்டி, அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். யாராவது என்னைத் தப்பாக நினைத்தால் நினைக்கட்டும். அக்கா நினைத்திருக்க மாட்டார்.

எங்கள் கோயில் மலரில் அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று தலைவர் கேட்டார். படித்த பிள்ளைகள் இருக்கிறார்களே என்றேன். "நீங்கதான் கூடவே இருந்தீங்க, நீங்களே எழுதுங்க" என்றார். நான் மூன்றாம் வகுப்போடு ரப்பர் பால்மரக் காட்டுக்கு வேலைக்குப் போனவள். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அக்கா என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். பீடோங்கைத் தாண்டி இருந்த ஒரே தோட்டத்தில் இரண்டு பேரும் பிறந்தோம். பால் வடிக்க மரப்பட்டையை வெட்டினோம். பிறகு பால்மரத்தை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள், எங்களைப் பம்பு வேலைக்கு மாற்றினார்கள். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை. மருந்து என்று சொல்வோமே தவிர, அது விஷம். ஏழு பெண்கள் ஒரு கூட்டம். அக்காதான் முன்னால் போவார். லாலான், கோரை, தொட்டாற்சிணுங்கி எதுவானாலும் எங்கள் கண்ணில் பட்டால் அன்றைக்கே முடிந்தது. செடியின் காலடியில் மட்டும் வரிசையாக உட்கார்ந்து கையாலேயே பிடுங்குவோம். அங்கே ஒரு முடி அளவு புல் நின்றால்கூடக் கங்காணி பெரட்டில் எல்லார் முன்னாலும் கேட்பார். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் அந்த இடத்தில் தலைகுனிந்து நிற்பதைப் போல அவமானம் எங்களுக்கு வேறு இல்லை.

பல வருடம் அடித்தபின் என் விரல் நகங்கள் கறுத்து உரியத் தொடங்கின. மூக்கில் ரத்தம் வந்தது. கிளினிக்கில் டாக்டரம்மா, "இந்த வேலைக்கு இனிமேல் போனீங்கன்னா என்கிட்ட வராதீங்க" என்று கோபமாகவே சொன்னார். வேறு வேலை எங்கே இருக்கிறது? மறுநாளும் பம்பைத் தூக்கினேன். என் சட்டையின் முன்பக்கம் ரத்தம் சொட்டியதைப் பார்த்த அக்கா, தன் பம்பைக் கழற்றிச் செம்பனை மரத்தடியில் வைத்தார்.

"போதும்லா. எல்லாரும் இறக்குங்க."

"இறக்கிட்டு எங்கக்கா போறது?" என்றாள் மல்லிகா. எங்கள் கூட்டத்தில் வாய் அவளுக்குத்தான் அதிகம்.

"அத நான் பாத்துக்கறேன்."

அந்த வாரமே தன் பழைய மோட்டாரில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குருண் வழியாக மலைக்குப் போனார். வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. உச்சியில் இருந்த விடுதியில் தோட்ட வேலைக்கு ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மேனேஜர் ஹாலிம் என்பவர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். அவரிடம் அக்கா மலாயில் சொன்னார்: "நாங்க ஏழு பேர். புல்லப் பத்தி எங்களுக்குத் தெரியாதது எதுவுமில்ல."

இறங்கி வரும்போது நான் கேட்டேன். "என்னக்கா, இப்படிப் பொய் சொல்லிட்டீங்க? நமக்குப் புல்லக் கொல்லத்தானே தெரியும்?"

"கொல்றதுக்கு அதப் பத்தி எவ்வளவு தெரிஞ்சிருக்கணும்! எங்க வேர் இருக்கு, எப்ப தளிர்க்கும், எதுக்குப் பயப்படும், எல்லாம் தெரியும்ல? அதயே திருப்பிப் போட்டா வளர்க்கறது. அவ்வளவுதான்."

விடுதியின் முதலாளி குளிர் நாட்டுக்கு எங்கோ போயிருக்கிறார். அங்கே பார்த்த புல்தரை அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. அதே புல் தன் விடுதி முன்னால் வேண்டும் என்று இரண்டு சிறிய மூட்டை விதை கொண்டுவந்திருந்தார். புளூகிராஸ் என்று பெயர். நாங்கள் நீலப்புல் என்றோம். ஒருமுறை ஊன்றினால் வருடக்கணக்கில் சாகாத புல். ஆனால் வெயில் ஆகாது. கீழே பீடோங்கில் போட்டால் வெந்துபோகும். மலை உச்சியில் மட்டும் பிழைத்தால் பிழைக்கலாம் என்று ஒரு நம்பிக்கை.

மூட்டையைப் பார்த்த மல்லிகா, "அருகம்புல்லுக்கு அண்ணனா இது? பிள்ளையாருக்குப் போடலாமா?" என்றாள்.

"மொதல்ல முளைக்கட்டும். அப்புறம் பிள்ளையாரக் கேப்போம்" என்றார் அக்கா.

மேனேஜர் ஒரு கெடு வைத்தார். மார்ச் மாதம் பள்ளி விடுமுறைக்குக் கூட்டம் வரும். அதற்குள் முன்பக்கம் பச்சையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிளாஸ்டிக் புல் விரித்துவிடுவார்கள். பிளாஸ்டிக் புல்லுக்கு ஏழு பெண்கள் தேவையில்லை. திரும்பவும் பம்புதான். அக்கா அதை எங்களிடம் ஒளிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "பாக்கியம், இந்தப் புல்லு பொழச்சா நீ பொழச்ச."

மூட்டையில் எழுதியிருந்ததைத் தேவி படித்துச் சொல்ல, அக்கா மனப்பாடம் செய்துகொண்டார். ஒரு மாதம் மண்ணைக் கொத்தினோம். கல் பொறுக்கினோம். ஆற்று மணலும் மக்கிய கோழி எருவும் கலந்தோம். விதை தூசி மாதிரி இருந்தது. மணலோடு கலந்து, மேற்கே பார்த்து ஒருமுறை, வடக்கே பார்த்து ஒருமுறை வீசினோம். பலகை வைத்து மிதித்து அழுத்தி, மேலே மெல்லிய சாக்கு விரித்தோம். பூவாளியில் காலை வேளையில் மட்டும் தண்ணீர். "சாயங்காலம் ஊத்தினா ராத்திரி முழுக்க ஈரம் நிக்கும், பூஞ்சை புடிக்கும்" என்பார். முளைக்க மூன்று வாரம்கூட ஆகலாம் என்று மூட்டையில் இருந்தது.

பதின்மூன்றாம் நாள் தேவிக்குப் பிரசவ வலி. அக்கா கூலிமுக்கு ஓடினார். போகும்போது, "தண்ணி மட்டும் ஊத்துங்க. நான் வந்து சாக்க முழுசா எடுத்துக்கறேன்" என்றார்.

இனி எழுதப்போவது என் வெட்கம். ஆனாலும் இதை எழுதாமல் அக்காவை எழுத முடியாது.

மூன்று நாள் கழித்துச் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மண் முழுக்க முடி முடியாக, ஊசி மாதிரி மெல்லிசாக ஏதோ முளைத்திருந்தது. என் மனதில் வந்தது ஒன்றே ஒன்றுதான். களை! அக்கா இல்லாத நேரத்தில் களை ஏறிவிட்டது, வந்து பார்த்தால் என்ன சொல்வார்? விதை போட்ட புல் இவ்வளவு சன்னமாகவா வரும்? நாங்கள் வீட்டு வாசல்களில் பார்த்த புல்லெல்லாம் அகல இலை. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மற்றவர்களுக்கும் வரவில்லை. ஏழு பேரில் அக்கா போக மீதி ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். காட்டில் உட்கார்வது மாதிரியே. இரண்டு நாள். விரல் நுனியால் வேரோடு, ஒன்று அறாமல், அவ்வளவு சுத்தமாகப் பிடுங்கினோம். பிடுங்கியதை ஓரத்தில் அழகாகக் குவித்தும் வைத்தோம். முக்கால் இடம் முடிந்தது. மலைப்பக்கம் இருந்த கால் பங்கு, மழை வந்ததால் தப்பியது.

திங்கட்கிழமை அக்கா வந்தார். பேத்தி பிறந்த சந்தோஷம் முகத்தில். கையில் எங்களுக்கு மிட்டாய். நான்தான் முந்திக்கொண்டு ஓடினேன்.

"பாருங்கக்கா! ஒரு முடி இருக்கா சொல்லுங்க. கங்காணி வந்தாக்கூடக் கொறை சொல்ல முடியாது."

அக்கா மண்ணைப் பார்த்தார். பிறகு குவியலுக்குப் போனார். வாடிய ஒரு நாற்றை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நுனியைத் திருப்பினார். அந்தப் புல்லின் நுனி படகின் மூக்கு மாதிரி குவிந்திருக்கும் என்று தேவி மூட்டையைப் படித்தபோது சொன்னாளாம். அக்கா அதை எங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. விதை இரண்டே மூட்டை, ஒரு பிடிகூட மிச்சமில்லை. வேறு வாங்க இந்த ஊரில் இடமில்லை.

"அக்கா... நான்தான்கா தூக்கிப் பாத்தேன். நான்தான் எல்லாரையும்..."

கையிலிருந்த நாற்றைக் குவியலிலேயே வைத்துவிட்டு அவர் சொன்னது இதுதான். "முப்பது வருசமா பிடுங்கு, பிடுங்குன்னு சொல்லியே இந்தக் கைய வளத்தாங்க. அது சொன்ன வேலையச் செஞ்சிருச்சு. கையத் திட்டி என்ன பண்ண?" பிறகு மிட்டாயைப் பிரித்தார். "பேத்தி பொறந்திருக்கா. மொதல்ல தின்னுங்க."

அழுதுகொண்டே தின்றோம். மல்லிகா மட்டும், "ஆனா சுத்தமாத்தான்கா பிடுங்கியிருக்கோம்" என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மேனேஜரிடம் அவரே போனார். நானும் பின்னால் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அக்கா கையை நீட்டி என்னைத் தடுத்தார். அவரை என்சே, அதாவது ஐயா, என்றுதான் அக்கா கூப்பிடுவார். "தப்பு என்னோடது, என்சே. முளைச்சா எப்படி இருக்கும்னு சொல்லாமப் போனேன். கால் பங்கு இருக்கு. அத வச்சு முழுசையும் ரொப்புறேன். மார்ச் வரைக்கும் கெடு குடுத்தீங்க, மார்ச் வரைக்கும் இருங்க." அவர் தலையைச் சொறிந்துகொண்டு, சரி என்றார்.

நீலப்புல் மண்ணுக்கு அடியில் வெள்ளையாகக் கிழங்கு மாதிரி ஒரு கொடி விட்டுப் பரவும். லாலானும் அப்படித்தான் பரவும். அதனால்தான் லாலானைக் கொல்வது எங்களுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. அக்கா அதைத்தான் பிடித்துக்கொண்டார். தப்பிய கால் பங்கு நன்றாகத் தூர் கட்டும்வரை விட்டார். பிறகு உள்ளங்கை அளவுக்கு மண்ணோடு வெட்டி எடுத்து, வெறும் நிலத்தில் ஒரு சாண் இடைவெளியில் நட்டோம். வேர் அசையாமலிருக்க நான் ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்தினேன். வெயில் பக்கம் இருந்ததற்கு மெங்குவாங் என்கிற தாழை ஓலையால் நிழல் கட்டினேன். சாப்பாட்டு நேரத்திலும் அங்கேயே இருந்தேன். அக்கா கூப்பிட்டால் வரமாட்டேன். ஒருநாள் சோற்றுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தண்டனையா இது? நீ பட்டினி கெடந்தா புல்லு வேகமா வளருமா? தின்னு."

டிசம்பரில் நட்ட துண்டுகள் பிடித்தன. ஜனவரியில் மழை நின்றது. பிப்ரவரியில் மலைமேலேயே வெயில் சுட்டது. ஒரே வாரத்தில் எல்லாம் பழுத்து, காய்ந்த வைக்கோல் நிறமாகிவிட்டது. நான் என் நகங்களைப் பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் புதிதாக வளர்ந்து வெளுத்திருந்தன.

மேனேஜர் வந்து நின்றார். கூடவே அளவு நாடாவோடு பிளாஸ்டிக் புல்காரர். "இனி சுடா மாத்தி, காக்" என்றார் மேனேஜர். செத்துப்போச்சு அக்கா என்று.

"பெலும் மாத்தி. தீடோர்" என்றார் அக்கா. சாகவில்லை, தூங்குகிறது.

பிளாஸ்டிக்காரர் சிரித்தார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. குனிந்து, காய்ந்த ஒரு துண்டின் அடியில் மண்ணை விலக்கினார். "என்சே, உங்க நகத்தால சொரண்டிப் பாருங்க. என் நகத்த நம்பாதீங்க."

நல்ல உடுப்புப் போட்ட மனிதர் முட்டி போட்டார். சுரண்டினார். உள்ளே முளைகட்டிய பயறின் தண்டு மாதிரி வெள்ளை வெளேரென்று ஈரம். பக்கத்திலும் சுரண்டினார். அங்கேயும் வெள்ளை. ஐந்தாறு இடத்தில் அவரே தவழ்ந்து தவழ்ந்து பார்த்தார்.

"இடூப்" என்றார். உயிரோடு இருக்கிறது.

நாடாக்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து நாங்கள் புல்லை மிதிக்கவில்லை, வெட்டவில்லை, உரம் போடவில்லை. தூங்குகிறதை எழுப்பக் கூடாது என்று அக்காவின் உத்தரவு. உயிர் போகாத அளவுக்கு மட்டும் காலையில் துண்டுக்கு ஒரு குவளை. மார்ச் முதல் வாரம் மழை வந்தது. நான்காம் நாள் அடியிலிருந்து பச்சை கிளம்பியது. விடுமுறைக்கு ஆட்கள் வந்தபோது முழுத் தரையும் மூடவில்லை, அது உண்மை. ஆனால் துண்டுக்குத் துண்டு கொடி ஓடி, கைகோத்து நின்றது. மேனேஜர் கயிறு கட்டி, யாரும் மிதிக்கக் கூடாது என்று பலகை வைத்தார். அந்த மாதமே எங்கள் ஏழு பேருக்கும் நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது. மலாயில் இருந்ததால் என்னால் பெயரை மட்டும்தான் படிக்க முடிந்தது. அது போதுமாயிருந்தது.

இது நடந்து பதினொரு வருடம். என் மூக்கில் அதற்குப் பிறகு ரத்தம் வரவில்லை.

அந்தப் புல்தரையில் எத்தனையோ கல்யாணப் படம் எடுத்திருக்கிறார்கள். குளிர் நாட்டிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து, கண் கலங்கி நின்றார். தங்கள் ஊரில் மாடும் குதிரையும் இதைத்தான் மேயும், பிள்ளைகள் பந்து விளையாடுவதும் இதில்தான், வெட்டாமல் விட்டால் பூ வந்து தூரத்திலிருந்து நீலமாகத் தெரியும் என்றார். மேனேஜர்தான் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். அதைக் கேட்ட அக்கா, பின்பக்கம் ஒரு பாய் அகலத்துக்கு வெட்டாமல் விட்டுவைத்தார். பூக்கவே இல்லை. பனி விழுகிற குளிர் பட்டால்தான் பூக்குமாம். "பரவால்ல, பச்சையாவே இரு. இங்க உன்ன யாரு கேக்கப் போறா" என்று அந்தப் பாயளவுப் புல்லிடம் சொல்வார்.

அவர் புல்லை இரண்டரை அங்குலத்துக்குக் கீழே வெட்ட விடமாட்டார். கத்தி மழுங்கினால் வேலையை நிறுத்திவிடுவார். புதிதாக வந்த ஆட்களுக்கு முதல் நாள் ஒரே பாடம்தான். "நுனியப் பாரு. பாத்துட்டுப் பிடுங்கு." ஏன் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லவே மாட்டார். "முந்தி ஒரு தடவ நான் தப்புப் பண்ணிட்டேன்" என்பார். கடைசிவரை அப்படித்தான் சொன்னார். இப்போது நான் எழுதிவிட்டேன். தப்பு செய்தது பாக்கியம். சுமந்தது அமிர்தம் அக்கா.

போன வருடம் முட்டி வலியால் வேலையை விட்டார். தினமும் கூப்பிடுவார். "சாப்டியா" என்று கேட்பதற்கு முன்னால், "எப்படி இருக்கு?" என்பார். அது என்னைக் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

பீடோங் இடுகாட்டில் அடக்கம் செய்தோம். மேனேஜர் ஹாலிம் மலையிலிருந்து வந்து கடைசிவரை நின்றார். ஒரு சதுரம் நீலப்புல் வெட்டிக்கொண்டு வரட்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். கீழே கொண்டுவந்தால் அது வெந்துபோகும். அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாங்கள் ஆறு பேரும் கல்லறைக்குப் போனோம். இடையில் மழை பெய்திருந்தது. புது மண் மேட்டில் முடி முடியாகப் புல் முளைத்திருந்தது. ஆறு பேரும் பழைய பழக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். கை தானாகப் போனது. போன கை தானாகவே நின்றது. ஆறு பேரும் குனிந்து, ஒரு இலையை விரலில் திருப்பி, நுனியைப் பார்த்தோம்.

"சாதாரணப் புல்லுதான்" என்றாள் மல்லிகா.

ஆமாம், சாதாரணப் புல்தான். எங்கள் தோட்டத்து மண்ணில் கேட்காமல் முளைக்கிற புல். எங்களில் யாரும் அதைப் பிடுங்கவில்லை. கொண்டுபோயிருந்த பூவாளித் தண்ணீரை அதற்கு ஊற்றிவிட்டு எழுந்தோம்.

அக்கா, மேலே எல்லாம் பச்சையாக இருக்கிறது. நீங்கள் நிம்மதியாகப் போங்கள். வரிசையைப் பாதியில் விடமாட்டேன்.